ஆஸ்பத்திரி ஸ்டாப்

"அந்தாளுக்கு யாரும் எடுத்துக் குடுக்காதீங்க. வாய் இருக்குல்ல? அவரே சொல்லட்டும்."

பின்சீட்டிலிருந்து வந்த பெண் குரலைக் கேட்டதும் கண்டக்டர் சண்முகராஜுக்குச் சுருக்கென்றது. சும்மாவே அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கு மேகம் இறங்கி, ரோடு தெரியாமல் ஊர்ந்து, கவுஞ்சி ஸ்டாப்பிலேயே வண்டி லேட்.

முன்சீட்டில் அந்தப் பெரியவர். எழுபதை நெருங்குகிற வயசு. ரூபாய்த் தாளை நீட்டியபடியே இருக்கிறார். எங்கே இறங்கணும் என்று கேட்டால் உதடு அசைகிறதே தவிர, சொல் வரவில்லை.

"கொடைக்கானலா, கீழ வத்தலக்குண்டா? அதையாச்சும் சொல்லுங்கய்யா."

பக்கத்தில் இருந்த பூண்டு வியாபாரி சாகுல் ஹமீதுக்குப் பொறுக்கவில்லை. "கொடைக்கானலாத்தான் இருக்கும் கண்டக்டரே. பாவம், மனுசன் தெணறுறாரு."

"நீங்க சும்மா இருங்க பாய்." மறுபடியும் அதே பின்சீட்டுக்காரி.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தலையோடு சால்வையைப் போர்த்தி, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் ஒரு பொம்பளையா என்று யாரோ வாய்விட்டே கேட்டார்கள். பெரியவர் மட்டும் திரும்பவில்லை.

ஒரு வழியாக அவர் வாய் திறந்தார். "ஆ... ஆஸ்பத்திரி ஸ்டாப்பு. ஒண்ணு."

டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று சண்முகராஜ் விறுவிறுவெனப் பின்னால் போனான்.

"ஏம்மா, ஒதவ மனசு இல்லேன்னா ஒதுங்கியிருக்க வேண்டியதுதான? ஒதவுறவங்களையும் ஏன் தடுக்குற?"

"மெல்லப் பேசுங்க தம்பி." அவள் கண் கலங்கியிருந்தது. "அவுக என் வீட்டுக்காரரு. நான் வண்டியில ஏறுனது அவுகளுக்குத் தெரியாது."

சண்முகராஜ் முன்சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் குனிந்தான்.

"மனச்சிதைவு தம்பி. கல்யாணமான புதுசுல வந்தது. காதுல யாரோ பேசிக்கிட்டே இருக்குற மாதிரி கேக்கும். ஊசியில அது அடங்கிருச்சு. இப்ப வயசாக வயசாக ஞாபகம் நழுவுது. ஒரு சோலிய ஆரம்பிச்சா, அடுத்து என்னன்னு தெரியாம அப்படியே நின்னுர்றாக. அத மாத்த மாத்திரை கெடையாதாம். செஞ்சு செஞ்சுதான் பழகணும், நீ கூடக்கூட எடுத்துக் குடுக்காதன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக."

"அதுக்காக இப்படியா, தனியா ஏத்தி விட்டு?"

"வேற வழி இல்ல தம்பி. அடுத்த வாரம் மதுரையில எனக்கு வயித்துல ஆபரேசன். திரும்பி வருவனோ என்னமோ. அவுகளுக்கு அது தெரியாது, சொல்லல. புள்ளகுட்டியும் இல்ல. மாசாமாசம் தானாப் போயி ஊசி போட்டுக்கிட்டா வீட்டுலயே இருக்கலாம். இன்னைக்குத் தானா எறங்கலைன்னா காப்பகந்தான். பேசி வச்சிருக்கேன்."

சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள். "அப்ப வாய் தவறிக் கத்திட்டேன். என் குரல் கேட்டுகூடத் திரும்பல, பாத்தீங்களா. அதுவும் மறந்து போச்சு."

பூம்பாறை ஊர் தாண்டிப் போயிற்று. வளைவு மேல் வளைவு. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தார். வெள்ளையாக மேகம்தான் தெரிந்தது.

"கண்ணயருங்க பெரியவரே, ஸ்டாப்பு வந்தா நான் சொல்றேன்" என்றார் சாகுல் ஹமீது.

"பாய், நீங்க சொல்ல வேணாம்" என்றான் சண்முகராஜ்.

"என்னய்யா, ஒமக்கும் அந்தம்மா காத்து அடிச்சிருச்சா?" என்று அவர் முறைத்தார். நாலைந்து பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். சண்முகராஜ் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய் நின்றான்.

டவுனுக்குள் வண்டி நுழைந்தது. ஸ்டாப் பெயரைச் சொல்லிக் கத்துவதுதான் அவன் வேலை. இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ஆஸ்பத்திரிச் சுவர் தெரிந்தது. பெரியவர் அசையவில்லை. பின்சீட்டுக்காரி முன்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். எழுந்திருய்யா, எழுந்திரு என்று சண்முகராஜ் மனசுக்குள் கெஞ்சினான். டிரைவர் கண்ணாடியில் இவனைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தான், ஊதவில்லை. சுவரில் பாதி கடந்துவிட்டது.

"எறங்கணும்."

பெரியவர் எழுந்து நின்றிருந்தார்.

சண்முகராஜ் ஊதிய ஊதலில் வண்டி குலுங்கி நின்றது. பின்சீட்டில் சால்வைக்குள் முகத்தைப் புதைத்து அவள் அழுதாள். சந்தோஷம் தாங்காத அழுகை.

பெரியவர் ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினார். இறங்கியவர் போகாமல் நின்று, சண்முகராஜைக் கிட்டே வரச்சொல்லிக் கையசைத்தார்.

"தம்பி, பின்னால இருந்து ஒரு பொம்பளக் குரல் கேட்டுச்சே. அது... ஒங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்கய்யா. எல்லாருக்குமே கேட்டுச்சு."

பெரியவர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்.

"அப்ப அது கந்தம்மாளேதான். எங்க எறங்குனாலும் கையப் பிடிச்சு எறக்கி விடுங்க தம்பி, ஆபரேசனுக்குப் போற ஒடம்பு. எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்டச் சொல்லிராதீங்க."