பாப்பாவுக்கு இருபத்திரண்டு

"நீங்க என்ன செய்வீங்களோ தெரியாது மேடம், என் பொண்ணு வீட்டை விட்டுப் போகக் கூடாது!"

தையல்காரர் போட்ட சத்தத்தில் ஸ்டேஷன் வாசலில் நின்ற காவலர்கூட உள்ளே எட்டிப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூட எடுக்காமல் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார் மனிதர். பக்கத்தில் அவர் மகள், வீட்டாருக்குப் பாப்பா, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நெளிந்தாள்.

பாப்பா லிஃப்ட் மெக்கானிக். ஐந்து மணி நேரப் பயண தூரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தங்க ஓர் அறையும் பார்த்தாகிவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. பத்து நாளாக வீட்டில் இதே ரகளைதான். அப்பா கத்தி ஓய்ந்தால் அம்மா தொடங்குவாள், அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் அப்பா. இன்று காலை, "வா, போலீஸ்லயே கேட்டுடலாம்" என்று கையோடு இழுத்து வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டது போலிருந்தது.

"இங்க பாருங்க சார். பாப்பாவுக்கு இருபத்திரண்டு ஆகுது. பதினெட்டு முடிஞ்சாலே எங்க தங்கறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும். நீங்களும் தடுக்க முடியாது, நானும் தடுக்க முடியாது. அடைச்சு வச்சீங்கன்னா கேஸ் உங்க மேலதான் வரும்."

வயதை யாரும் சொல்லவில்லையே என்று பாப்பாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அப்பா மேஜையைத் தட்டினார்.

"வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் குடுங்க! சீல் வச்சுக் குடுங்க!"

இன்ஸ்பெக்டர் மளமளவென்று எழுதி, சீல் குத்தி நீட்டினார். அப்பா வெடுக்கென்று வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

தெருமுனை திரும்பியதும் நின்றார். காகிதத்தை இரண்டு தடவை படித்தார். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு? ஞாயித்துக்கிழமையே கிளம்பு பாப்பா. வேலைக்குப் போட்டுக்க ரெண்டு செட் யூனிஃபார்ம் தைச்சு கடையில வச்சிருக்கேன். முட்டி போட்டு வேலை பார்க்கணுமே, அங்க மட்டும் டபுள் துணி."

பாப்பா வாயைப் பிளந்தாள். "அப்போ பத்து நாளா கத்தினது?"

"உங்க அம்மாவுக்காக. நான் சரின்னு சொல்லியிருந்தா உனக்கு முன்னாடி என்னை வீட்டை விட்டு அனுப்பியிருப்பா! சீல் வச்ச காகிதம்னா அவளுக்குப் பயம். பழியைத் தூக்கிப் போலீஸ் மேல போட்டுடலாம்."

பாப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நடுத்தெரு என்றும் பாராமல் அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். அப்பா சட்டென்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"நானும் எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்துட்டேன். சட்டம் நம்ம பக்கம் இல்லயாம். நீயே படி."

அம்மா காகிதத்தை வாங்கினாள். எழுத்தைப் பார்த்தாள், சீலைத் தடவினாள், அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

பிறகு சமையலறைக்குள் போனாள். சர்க்கரை டப்பாவுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து வந்து அப்பா கையில் வைத்தாள்.

அதே கையெழுத்து. அதே சீல். தேதி மட்டும் நேற்றையது.

"நீங்க குதிச்ச குதிக்கு நான் வேற என்ன பண்றது? நேத்தே ஸ்டேஷனுக்குப் போய், பொண்ணை விட மாட்டேன்னு சும்மா ஒரு சண்டை போட்டு, உங்ககிட்ட காட்ட எழுதி வாங்கிட்டு வந்துட்டேன்!"