நாலரை மணிக்கே விட்டுவிட்டார்கள்

செருப்புக் குவியலில் ஒன்றைக் கண்டுபிடித்துக் காலில் மாட்டிக்கொண்டாள். இன்னொன்றைத் தேடும்போதுதான் நிரஞ்சன் உட்கார்ந்தான்.

கல்யாண மண்டபத்தின் நட்டநடுவில், சம்மணம் போட்டு.

"எல்லாரும் உக்காருங்க. இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேக்காம ஒருத்தரும் வெளிய போகக் கூடாது."

காலையில் மறியலில் பிடித்து வந்து அடைத்தவர்களை நாலரை மணிக்கே விட்டுவிட்டார்கள். பெயர் எழுதியாகிவிட்டது. கதவும் திறந்துதான் கிடந்தது.

வேனில் ஏற்றும்போது இன்ஸ்பெக்டர் அவனை 'டேய்' என்றுவிட்டாராம்.

துப்புரவுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களை ஏற்றும்போது சொன்னதை வாயால் சொல்ல முடியாது.

வேலையை நிரந்தரம் செய் என்று துடைப்பத்தைக் கீழே போட்டுப் பன்னிரண்டு நாள். நிரஞ்சன் தம்பிதான் மனு எழுதினான். வெயிலில் கூடவே கிடந்தான். பெரிய வீட்டுப் பிள்ளை. நல்ல பிள்ளை. இல்லையென்று சொல்ல முடியாது.

ஐந்து மணிக்கு அவள் மெஸ்ஸில் பாத்திரம் கழுவப் போக வேண்டும். இந்தப் பன்னிரண்டு நாளும் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான். ஒரு நாள் வரலைன்னாலும் வேற ஆள் போட்டுருவேன் என்று மெஸ்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"தம்பி, எனக்கு வேலைக்கு நேரமாவுதுப்பா."

"அக்கா, இது நம்ம சுயமரியாதை. இன்னிக்கு விட்டுட்டா என்னிக்குக் கேக்கிறது?"

செருப்பைக் கழற்றினாள். உட்கார்ந்தாள்.

மேடைக்கு மேலே கடிகாரம்.

ஐந்து.

ஐந்தரை.

'மன்னிப்புக் கேள்' என்று கத்தினார்கள். அவளும் கத்தினாள். நிரந்தரம் கேட்டுக்கூட அப்படிக் கத்தியதில்லை. சீக்கிரம் முடிந்தால் போதும்.

ஆறு.

ஆறே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மேலே யாரோ யாரிடமோ பேசியிருக்க வேண்டும்.

"சாரி சார். ஏதோ டென்ஷன்ல வந்துடுச்சு."

கை கொடுத்தார். நிரஞ்சன் எழுந்து குலுக்கினான். ஒரே கைதட்டல். போட்டோ எடுத்தார்கள்.

மெஸ்ஸில் இந்நேரம் வேறு எவளோ சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

இன்ஸ்பெக்டர் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"ஏய், அதான் முடிஞ்சுதுல்ல? எந்திரிச்சுக் கெளம்புங்கடி. சனியனுங்க."

எழுந்தார்கள். அவளும் எழுந்தாள். வாசல் வரை போனாள்.

திரும்பி வந்து, அவன் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை யாரும் சொல்லவில்லை.

"எங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கச் சொல்லு தம்பி."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

நிரஞ்சன் வாசலைப் பார்த்தான். அவனை அழைத்துப் போகக் கார் வந்து நின்றது.

அவளிடம் குனிந்தான்.

"அக்கா, மணி என்ன ஆச்சு பாருங்க."