மாடி அறை

மணிமொழிக்குக் காலையிலிருந்து கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை.

நாளன்றைக்குக் கிரகப்பிரவேசம். கீழே வாஷ்பேசின் ஒழுகுகிறது. கூடத்து டைல்ஸ் இடுக்கில் பூசிய வெள்ளை சிமெண்ட் இன்னும் காயவில்லை. டீ குடிக்கப் போன பெயிண்டர் போனவன் போனவன்தான். மாடிக்கும் கீழுக்குமாக அவள் பத்துத் தடவை ஏறி இறங்கிவிட்டாள்.

இதற்கு நடுவில் நிமிஷத்துக்கு ஒரு தரம் போனை வேறு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் இலக்கியா சென்னையிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். செஞ்சி தாண்டியதும் செய்தி அனுப்பியிருந்தாள். நேற்றுத்தான் பௌர்ணமி கிரிவலம் முடிந்தது. இன்றைக்கு ஊரைவிட்டுப் போகிற பஸ்ஸில்தான் கூட்டம், வருகிற பஸ் காலி. ஜன்னல் ஓரமே கிடைத்துவிட்டதாம்.

மூன்று மாதமாயிற்று அவள் வந்து. பொங்கலுக்கு வந்தவள், கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். வேறு ஜாதிப் பையன். அப்பா கண்ணாயிரம் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அன்றையிலிருந்து மகள் பெயரை வாயால் சொன்னதில்லை.

கத்தியிருந்தால்கூட மணிமொழிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் அந்த மாடி அறை ஆரம்பித்தது.

வேங்கிக்காலில் இந்த வீட்டுக்குக் கடைக்கால் போட்ட நாளிலிருந்து, அவள் கேட்ட எதற்கும் அவர் தலையாட்டியதில்லை. சமையலறைக்கு இன்னொரு ஜன்னல் வேண்டுமென்று ஒரு மாதம் மன்றாடிப் பார்த்தாள். கல்லுளிமங்கன், அசையவில்லை.

அந்த மனுஷன் தானாகவே ஒருநாள், மாடி அறை இலக்கியாவுக்கு என்றார்.

பிளானில் இல்லாத பாத்ரூமை அறைக்குள்ளேயே கட்டவைத்தார். ஏசி மாட்டினார். மேற்கு வெயில் நேரே அடிக்கும் என்று பால்கனிக் கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினார். குரங்கு வந்து அட்டகாசம் பண்ணும் என்று ஜன்னலுக்குக் கம்பியை நெருக்கி நெருக்கி வைக்கச் சொன்னார்.

மணிமொழிக்குத் தலைகால் புரியவில்லை. பெற்ற மனசு இறங்கிவிட்டது என்று நினைத்தாள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினாள். "பாருடி, உங்கப்பா உனக்கு என்னென்ன பண்றாருன்னு. ஒரு தடவ வந்துட்டுப் போ."

முதலில் பதிலே வரவில்லை. பாத்ரூம் டைல்ஸ் படத்துக்கு ஒரு சிரிப்பு வந்தது. ஏசி படத்துக்கு, "நெஜமாவே அப்பாவாம்மா?" என்று கேட்டிருந்தாள். போன வாரம் சுவருக்கு ரோஸ் அடித்த படத்தைப் பார்த்துவிட்டு, வருவதாக எழுதினாள்.

இதோ, கண்ணாயிரமே வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கிறது. பிறகு ஏன் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மாடியில் சுத்தியல் சத்தம் கேட்டது. பதினோராவது தடவையாக ஏறினாள்.

தச்சர் தருமன் படிக்கட்டு முனையில் குந்தி உட்கார்ந்து, மகள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தார். தெருக்கதவுக்குப் போடுகிற மாதிரி, பூட்டு மாட்டுகிற பெரிய தாழ்ப்பாள்.

"உள்பக்கம் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"உள்பக்கம் ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டாரும்மா சார். வெளிய மட்டும்தான். நல்லா கெட்டியா இருக்கணும்னாரு." தருமன் வேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மணிமொழி அவரைத் தாண்டி அறைக்குள் போனாள்.

பாத்ரூம் உள்ளேயே இருக்கிறது. அதற்காகக்கூட யாரும் வெளியே வர வேண்டியதில்லை. பால்கனிக் கதவு இருந்த இடத்தில் சுவர் இருக்கிறது. ஏசி இருப்பதால் ஜன்னலைத் திறக்கவே வேண்டாம். அந்தக் கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டைத் தாண்டிப் போகவில்லை.

கீழே எல்லா ஜன்னலிலும் சாதாரணக் கம்பிதான். குரங்கு என்ன, இந்த ஒரு அறையைத் தேடியா வரப்போகிறது?

ஆசை ஆசையாக இதையெல்லாம் படம் பிடித்து அனுப்பிக் கூப்பிட்டது வேறு யாரும் இல்லை, அவள்தான். மகளின் நம்பரைப் போட்டாள்.

"அம்மா, கீழ்பென்னாத்தூர் வந்துட்டேன்!" இலக்கியாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்பாவே போன் பண்ணாரும்மா. பஸ் ஸ்டாண்டுல எனக்காக நிக்கிறாராம்."

"அங்கயே எறங்கிடு. எதிர்ல வர்ற மெட்ராஸ் பஸ்ஸுல ஏறித் திரும்பிப் போயிடு."

தருமனின் சுத்தியல் நின்றது.

"ஏம்மா? ரூம் வேல இன்னும் முடியலயா?"

"முடிஞ்சிடுச்சி," என்றாள் மணிமொழி. "அதான் சொல்றேன், எறங்குடி."