முழுகும் மரம்

மரச்சில்லு ஒன்றைக் கொடுத்தால் போதும், அது இன்ன மரம் என்று சொல்லிவிடுவாள் என் மகள் உமையாள். முப்பது வருடமாக அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எந்த மரத்தை வெட்டக் கூடாது, அதற்குப் பதிலாக எதை வளர்க்கலாம் என்று அரசாங்கமே அவளிடம் கேட்கிறது. விடுமுறைக்கு வந்தவள் என் கைத்தடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டு மூத்தவன் கையில் இருக்கும் கருங்காலித் தடி அது. அதை ஊன்றி நின்றுதான், சாதி மாறிக் கட்டிக்கொண்ட என் தங்கையை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

“ஓரமா நகக்கண் அளவு சீவிப் பாக்கட்டுமாப்பா?”

“உன் கத்தியை ஆபீசோட வச்சுக்கோ.”

“அடேயப்பா, கோவத்தப் பாரு! சீவ வேண்டாம், தண்ணில போட்டாலே தெரிஞ்சிடும். கருங்காலின்னா முழுகும். சாயம் பூசுன மரம்னா மிதக்கும். ஞாயித்துக்கிழமை அத்தையக் கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள போட்டுப் பாத்துடுங்க.”

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். தடியை எடுக்கும்போதெல்லாம் எடை குறைந்துவிட்டதுபோல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டேன். தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, தடியை இரண்டு கைகளாலும் அடிவரை அழுத்தினேன்.

கதவு தட்டப்பட்டது.

“இன்னும் எவ்ளோ நேரம்ப்பா? அத்தை வந்தாச்சு. நீங்க சொல்லாம உள்ள வர மாட்டாங்களாம், வாசல்லயே நிக்கிறாங்க.”

தண்ணீர் அசையாமல் நின்றது. நான் இன்னும் கையை எடுக்கவில்லை.