ஒரே மாதிரி ஐந்து தப்பு

"ரெண்டு பேரும் எந்திரிங்க."

கடைசி பெஞ்சில் இருந்து அண்ணியும் நாத்தனாரும் எழுந்தார்கள். பயிற்சி வகுப்பில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வேலைக்கான தேர்வுக்கோ இன்னும் பத்தே நாள்.

எழுப்பியவர் தர்க்கப் பாடம் நடத்துகிறவர். வார்த்தைக்கு வார்த்தை 'ஆகவே' போடுவதால் வகுப்பில் அவருக்குப் பெயரே ஆகவே சார்.

"மாதிரித் தேர்வுல ஐம்பது கேள்வி. பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தீங்க. ரெண்டு பேருக்கும் அஞ்சு தப்பு. அதே அஞ்சு. மத்த முப்பத்தெட்டு பேரும் சரியா எழுதின அஞ்சு. ஆகவே, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்கீங்க. ஆகவே, நாளையில இருந்து வர வேண்டாம்."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணி அசரவில்லை.

"காப்பி அடிக்கலை சார். நாங்க எழுதினதுதான் சரின்னு தோணுது."

சாருக்குச் சுருக்கென்றது. பதினாறு வருஷ அனுபவத்துக்கு முன்னால் ஒரு வாரத்து ஆள் பேசுகிற பேச்சா இது?

"அப்படியா? பதினேழாவது கேள்வியைப் படிங்க."

அண்ணி படித்தாள். "எல்லாக் குடைகளும் கறுப்பு. சில கறுப்புப் பொருள்கள் ஈரமானவை. ஆகவே, சில குடைகள் ஈரமானவை."

"முடிவு சரியா, தப்பா?"

"தப்பு சார். ஈரமா இருக்கற கறுப்புப் பொருள் செருப்பா இருக்கலாமே. குடைன்னு எங்கே கொடுத்திருக்கு?"

சார் சிரித்துக்கொண்டே சாக்பீஸை எடுத்தார். வட்டம் போட்டுக் காட்டினால் அண்ணி வாயை மூடிக்கொள்வாள் என்பது அவர் கணக்கு. குடைக்கு ஒரு வட்டம். அதைச் சுற்றிக் கறுப்புக்குப் பெரிய வட்டம். மூன்றாவதாக ஈரத்துக்குப் போட்ட வட்டம், கறுப்பின் ஓரத்துக்குள் மட்டும் கொஞ்சம் புகுந்துகொண்டு, குடைப் பக்கமே போகாமல் ஜம்மென்று நின்றது.

சாருக்கு வியர்த்துவிட்டது. மற்ற நான்கையும் போட்டுப் பார்த்தார். நான்கும் அதே கதிதான். ஐந்துமே அவர் சொந்தமாகத் தயாரித்த கேள்விகள். வகுப்பு தொடங்கிய முதல் மாதமே இதே பலகையில், இதே தப்பு விடையோடு பெருமையாக நடத்தியவை.

"நீங்க எழுதினதுதான்மா சரி. மன்னிச்சுக்குங்க, உட்காருங்க."

சொல்லும்போதே அவருக்கு அவமானமாக இருந்தது. அந்த எரிச்சலில் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, முப்பத்தெட்டு பேர் இருக்கீங்க. ஒருத்தருக்குக்கூடவா இது தப்புன்னு தெரியலை?"

முன்வரிசையில் இருந்து, நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வருகிற ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"எல்லாருக்கும் தெரியும் சார். முன்னாடி ஒரு தடவை நீங்க போட்ட தப்பை நான் எடுத்துச் சொன்னேன். உங்க முகமே வாடிப்போச்சு. ரெண்டு நாள் லீவு வேற போட்டுட்டீங்க. எங்களுக்கு மனசே கேட்கலை. அதுல இருந்து, உங்க விடை தப்பா இருந்தாலும் அப்படியே எழுதிடறதுன்னு பேசி வெச்சிருக்கோம்."

"அப்ப நிஜத் தேர்வுல?"

"அங்கே சரியா எழுதிடுவோம் சார்."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். நர்ஸ் கடைசி பெஞ்சைக் காட்டினாள்.

"அவங்க புதுசு. விஷயத்தைச் சொல்ல விட்டுப்போச்சு. இந்த வகுப்புல காப்பி அடிக்காதவங்க அவங்க ரெண்டு பேர் மட்டும்தான் சார்."