தட்டின் மறுபக்கம்

"இன்னொரு தடவ போடு தம்பி. பாட்டு இல்லாத பக்கம்," என்றாள் அந்த அம்மாள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

ஹோப்டனின் கை இசைத்தட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜெரிக்கோ சவுண்ட் என்றால் அது ஹோப்டன்தான். ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி ஊரையே ஆட வைக்கிறவன்.

இன்று இரவு அவனுடைய இதே முற்றத்தில் அவனுக்கும் இன்னொரு ஸ்பீக்கர் செட்டுக்காரனான செபர்டுக்கும் போட்டி. யாருடைய தட்டுக்குக் கூட்டம் அதிகம் கத்துகிறதோ அவனுக்குத்தான் கிரீடம். தோற்றவன் முற்றத்தில் அடுத்த சனிக்கிழமை ஆடுதான் மேயும்.

அதற்காகவே ஸ்டுடியோக்காரரிடம் தவம் கிடந்து வாங்கிய தட்டு இது. உலகத்திலேயே ஒரு பிரதிதான். ஒரு பக்கம் பாட்டு. மறுபக்கம் டப், அதாவது, பாடுகிறவன் குரலை வெட்டியெடுத்துவிட்டு டிரம்மையும் பேஸ் கிதாரையும் மட்டும் உறும விட்டது.

ஆனால் இந்த வகைத் தட்டு மெழுகு மாதிரி மென்மை. ஊசி ஓட ஓடத் தேய்ந்து, கடைசியில் எண்ணெயில் மீன் பொரிகிற சத்தம்தான் மிஞ்சும்.

மதியம் பெட்டிகளைச் சோதிக்கப் பாட்டுப் பக்கத்தைப் போட்டபோதுதான் இந்த அம்மாள் உள்ளே வந்தாள். தலையில் தொப்பி. கொளுத்துகிற வெயிலில் கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடை. பாட்டு முடியும்வரை முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றவள், "திருப்பிப் போடு தம்பி" என்றாள்.

சர்ச்சுக்குப் போகிற அம்மாவுக்கே டப் பிடித்துவிட்டதே என்று ஹோப்டன் பூரித்துப் போய்ப் போட்டான். அவள் ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் மறுபடி கேட்டாள், அதையும் போட்டான். இப்போது மூன்றாவது தடவை கேட்கிறாள்.

"மச்சான், கொஞ்சம் இங்க வா," என்று ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டான் கூட்டாளி க்ளிஃப்டன். "இந்தம்மா செபர்ட் இருக்குற பக்கத்துலேர்ந்து வர்ற பஸ்லதான் வந்து இறங்குச்சு. என் கண்ணால பாத்தேன்."

"அதுக்கு?"

"போன வருஷம் மறந்துபோச்சா? ஒரு பொண்ண அனுப்பி, 'இன்னொரு தடவ, இன்னொரு தடவ'ன்னு கொஞ்ச வெச்சான். நீயும் பல்ல இளிச்சிக்கிட்டுப் போட்டுக்கிட்டே இருந்த. ராத்திரி தட்டு இருமிச்சு, ஊரே சிரிச்சுது. பொண்ண அனுப்பினா நீ உஷாராயிடுவேன்னு இப்ப சர்ச் அம்மாவ அனுப்பியிருக்கான்."

ஹோப்டனுக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? தட்டை எடுத்து உறையில் போட்டான்.

"போதும்மா. ராத்திரி வாங்க, கேக்கலாம்."

"ராத்திரி கூட்டம் கத்தும் தம்பி. எனக்கு ஒண்ணும் காதுல விழாது."

"அப்ப வேற எங்கயாவது போய்க் கேளுங்க."

"வேற எங்கயும் இல்லையே. இது ஒண்ணுதானே இருக்கு."

ஹோப்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே பிரதி என்பது ஸ்டுடியோக்காரருக்கும் அவனுக்கும் க்ளிஃப்டனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

"அது யாரு சொன்னா உங்களுக்கு?"

"ஸ்டுடியோக்காரர்தான். வாசல்லயே உக்காந்து அழுதேன். மனசு எறங்கி உன் பேரச் சொன்னாரு."

"அழுது நடிச்சு விஷயத்தக் கறந்திருக்கு பாத்தியா!" என்று பாய்ந்து வந்தான் க்ளிஃப்டன். "பையில என்ன? டேப் ரெக்கார்டரா?"

அவள் பையைத் திறந்து காட்டினாள். ஒரு பைபிளும், கசங்கிப்போன கைக்குட்டையும், கடித்து மிச்சம் வைத்த ரொட்டியும் இருந்தன. க்ளிஃப்டனுக்கு அப்போதும் மனசு ஆறவில்லை; பைபிளைக்கூடப் பிரித்துப் பார்த்தான்.

ஹோப்டனுக்குப் பொறுமை போய்விட்டது. இந்தத் தட்டு போனால் இன்று இரவு அவன் கதை முடிந்தது.

"நெசத்தச் சொல்லுங்கம்மா. பாட்டு ஓடறப்ப வேப்பங்காயக் கடிச்ச மாதிரி நின்னீங்க. அது வேணாம்னு திருப்பிப் போடச் சொன்னீங்க. டப் பக்கத்த மட்டும் எதுக்குத் தேய்க்கறீங்க? செபர்ட் என்ன தர்றேன்னான்?"

"செபர்டா? யாருப்பா அது?" அவள் குரல் உடைந்தது. கை மறுபடி ஸ்பீக்கர் பெட்டிமேல் போய் ஒட்டிக்கொண்டது.

"பாடுறவன் வாய மூடினாத்தான் தம்பி, போன வாரம் நான் புதைச்ச எம் புள்ள பேஸ் வாசிக்கிறது கேக்குது."