பரணிதரனின் வாசகர்கள்

"நானும் குறுவை சாகுபடி பத்தித்தான் எழுதியிருக்கேன், அந்த மயிலாடுதுறை பரணிதரனும் அதைத்தான் எழுதியிருக்கான். ரெண்டும் உங்க சைட்ல இலவசமாத்தானே கிடக்கு? அவன் புத்தகத்தை மட்டும் ஏம்மா இப்படி அள்ளிக்கிட்டுப் போறாங்க? முகப்புல தூக்கி வச்சிருக்கீங்களா?"

நன்னிலம் நாகநாதன் போனில் பொரிந்து தள்ளினார். மறுமுனையில், திருவாரூரிலிருந்து மின்னூல் தளம் நடத்தும் ஹஃப்ஸா.

"இல்ல சார். சொல்லப்போனா, அவர் புத்தகம் அதிகமா டவுன்லோடு ஆகுறதே உங்க நன்னிலத்துலேருந்துதான்."

"என் ஊர்லேருந்தா? எந்தத் துரோகி அவன்?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி மங்களாம்பிகை சிரித்துவிட்டாள்.

"நீங்கதாங்க அது! தப்பு கண்டுபிடிக்கணும்னு தினமும் அவர் புத்தகத்தை டவுன்லோடு பண்றீங்க. நாற்றங்கால் பத்தி நல்லா எழுதியிருக்காரேன்னு ஆத்திரத்துல அழிச்சிடுறீங்க. விடிஞ்சா மறுபடியும் டவுன்லோடு!"

நாகநாதனின் முகம் சுண்டிப்போயிற்று. போனை வைக்கப் போனவர் தயங்கினார்.

"ஏம்மா, என் புத்தகத்தை யாராவது படிக்கிறாங்களா?"

"அதுவும் தினமும் டவுன்லோடு ஆகுது சார். ஆனா, ஒரே ஊர்லேருந்துதான்."

"எந்த ஊரு?"

"மயிலாடுதுறை."

நாகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"கேட்டியா மங்களம்? அந்தப் பயலுக்கு என் மேல எவ்வளவு பொறாமை பாரு!"